அப்டேட் அழுத்தியதும் தளம் வெள்ளையாகிவிட்டதா?

கேள்வி: வெள்ளவத்தையில் புடவைக் கடை நடத்துகிறேன். எங்கள் இணையத்தளத்தை வேர்ட்பிரஸில் செய்து தந்த தம்பி இப்போது டொரொன்டோவில். நாங்கள் கூப்பிடும் நேரம் அங்கே நடுச்சாமம். நேற்றிரவு ஏதோ அப்டேட் என்று காட்டியது, அழுத்தினேன். அதிலிருந்து வெறும் வெள்ளைப் பக்கம்தான். புடவைப் படங்கள், ஓடர்கள் எல்லாம் போய்விட்டனவா?

பதில்: போயிருக்காது. படங்கள் சேர்வரில் கோப்புகளாகவும் ஓடர்கள் டேட்டாபேஸிலும் கிடக்கும். அவற்றை எடுத்துப் பக்கமாகக் கட்டுகிற பி.எச்.பி. நிரல்தான் நடுவழியில் விழுந்திருக்கிறது. விழுந்த காரணத்தை வாடிக்கையாளர் கண்ணில் காட்டாதே என்று சேர்வருக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். அதனால்தான் அந்த வெள்ளை. பயத்தில் வேர்ட்பிரஸை அழித்து மறுபடி போட்டுவிடாதீர்கள். பழைய பேக்கப்பை மீட்கவும் அவசரப்பட வேண்டாம், அதற்குப் பின் வந்த ஓடர்கள் போய்விடும்.

எல்லோருக்கும் வெள்ளையா என்று முதலில் பாருங்கள். வைஃபையை நிறுத்திவிட்டு, போன் டேட்டாவில், பிரைவேட் விண்டோவில் திறவுங்கள். அங்கே தளம் வந்தால் உங்கள் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கம், அதாவது கேச்தான் காரணம். அங்கேயும் வெள்ளை என்றால் கணினியில் கன்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பக்கம் வெறுமையாக இருந்தால் கோளாறு சேர்வரில். நீளமாக ஏதேதோ எழுதியிருந்தால் பிரவுசரில் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டில் தேட வேண்டும். உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன்.

2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி விழும்போது வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மின்னஞ்சலுக்குத் தகவல் அனுப்பப் பார்க்கும். கோளாறு எந்த பிளகினில் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) என்ற பெயரும் உள்ளே நுழைய ஓர் இணைப்பும் அதில் இருக்கும். உங்கள் தளத்தில் நிர்வாகி முகவரி யாருடையது? தம்பியுடையது என்றால் விடை டொரொன்டோவில் ஓர் இன்பொக்ஸில் கிடக்கிறது. ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

தளத்துக்குச் சேர்வரில் இடம் தரும் ஹொஸ்டிங் கணக்கின் நிர்வாகப் பக்கமான சீபேனலுக்குள் போய், கோளாறுகள் பதிவாகும் எரர் லொக்கைத் திறவுங்கள். கடைசி வரிகளில் 'ஃபேட்டல் எரர்' என்று தேடுங்கள். அந்த வரியில் ஒரு கோப்பின் முழுப் பாதையும் வரி எண்ணும் இருக்கும். பாதையில் 'பிளகின்ஸ்' என்ற போல்டருக்கு அடுத்து வரும் பெயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கலியாண மண்டபத் தளத்தின் லொக்கில் 16:10 என்றிருந்ததைக் கண்டு, பின்னேரம் யார் கை வைத்தது என்று அங்கிருந்த எல்லோரையும் விசாரித்தேன். அது யூ.டி.சி. எனும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு இரவு 9:40. கை வைத்தது நான்தான்.

பெயர் கிடைத்ததா? ஃபைல் மேனேஜரில் அந்த ஒரு பிளகினின் போல்டரை மட்டும் வேறு பெயருக்கு மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் விட்டுவிட்டுத் தளத்தைத் திறக்கும். பெயரே கிடைக்காவிட்டால் பிளகின்ஸ் போல்டர் முழுவதற்கும் பெயர் மாற்றி, நிர்வாகப் பகுதியில் பிளகின் பட்டியலை ஒருமுறை திறவுங்கள், எல்லாம் அணைந்துவிடும். பிறகு பழைய பெயரையே வைத்து ஒவ்வொன்றாக இயக்குங்கள். எதை இயக்கும்போது மறுபடி வெள்ளையாகிறதோ, அதுதான். பாதையில் 'தீம்ஸ்' என்றிருந்தால், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுக்கும் இதே வைத்தியம், ஆனால் வேர்ட்பிரஸின் சொந்தத் தீம் ஒன்று சேர்வரில் இருக்க வேண்டும்.

லொக்கில் 134217728 பைட்ஸ் தீர்ந்துவிட்டதாக எழுதியிருந்தால் அது 128 எம்.பி. நினைவக எல்லை. 256 ஆக்கச் சொல்லி ஹொஸ்டிங்காரரைக் கேட்கலாம். ஆனால் அவ்வளவையும் தின்றது எது என்று பார்க்காமல் கூட்டினால் ஒரு மாதத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள். அப்புறம், பி.எச்.பி.யை 8க்கு மாற்றினீர்களா என்றும் அவரிடமே கேளுங்கள். பழைய பிளகின்கள் நம்பியிருந்த சில கட்டளைகளை 2020இல் வந்த 8.0 பதிப்பிலேயே நீக்கிவிட்டார்கள். தற்காலிகமாக 7.4க்கு இறக்கித் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த பிளகினுக்கு மாற்றுத் தேடலாம். அதிலேயே இருந்துவிடாதீர்கள், 7.4க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022இலேயே நின்றுவிட்டது.

தளம் எழும்பியதும், சரி என்று கடைக்குப் போகுமுன், நிர்வாகி மின்னஞ்சலை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். புது முகவரிக்கு வரும் உறுதிப்படுத்தல் இணைப்பை அழுத்தினால்தான் மாற்றம் நடக்கும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.