‘மேலும்’ போட்டா செய்தி ஒட்டிடுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். வெள்ளிப் பட்டறைக்காரங்களுக்கு தினமும் வாட்ஸ்அப்புல மார்க்கெட் நியூஸ் போடறாராம், “வெள்ளி விலை உயர்ந்தது, மேலும் கொலுசு ஆர்டர் குறைந்தது, எனவே பட்டறைகளில் வேலை இல்லை”ன்னு எழுதினா ‘ஏனுங்க, டப்பிங் படம் மாதிரி இருக்குதே’ங்கறாங்களாம், எங்க தப்புன்னு கேக்கறார்.

முதல்ல அந்த ‘மேலும்’ஐ தூக்குங்க. இங்கிலீஷ்ல ‘அண்ட்’ வர்ற இடத்துலெல்லாம் அதைப் போட்டுப் பழகிட்டோம், ஆனா தமிழ்ல சேக்கறதுக்கு ‘உம்’ இருக்கு. 2025 ஜூன்ல ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் குடுக்கற கடனுக்கான ரெப்போ வட்டியை 6 சதவீதத்துல இருந்து 5.5 ஆக்குச்சு, வங்கிகள் தன்கிட்ட கட்டாயமா வைக்க வேண்டிய டெபாசிட் பங்கான சிஆர்ஆரையும் 4 சதவீதத்துல இருந்து 3க்கு படிப்படியா இறக்கறதா சொல்லுச்சு, ‘உம்’ ஒண்ணே ரெண்டையும் கட்டிடுச்சு பாருங்க.

அடுத்தது எச்சம், ‘உயர்ந்து’ மாதிரி முடியாம நிக்கற வினை. “வெள்ளி காலையில் உயர்ந்து மாலையில் இறங்கியது”, ஒரே எழுவாய், ஜோரா இருக்கு. “விலை உயர்ந்து ஆர்டர் குறைந்தது”ன்னா இடறுது, ஏறினது ஒண்ணு கொறஞ்சது இன்னொண்ணு, அங்க “விலை உயர, ஆர்டர் குறைந்தது”ன்னு மாத்துங்க. அப்பறம் ‘மழை பெய்து ஏற்காடு ஏரி நிரம்பியது’ன்னு சொல்றமேன்னா, அதுல காரணம் கண்ணு முன்னாடி நிக்குது, அதான் செல்லுது.

‘ஆனால்’ல ஒரு சூட்சுமம் இருக்கு, அதுக்குப் பின்னாடி வர்றதுதான் மனசுல நிக்கும். “வீட்டுக்கடன் தவணை குறையலாம், ஆனால் எஃப்டி (வங்கி நிரந்தர வைப்பு) வட்டியும் குறையும்”னு எழுதினா ரிட்டயர் ஆனவருக்கு வயித்துல புளி கரைக்கும், அதையே திருப்பிப் போட்டா கடன் வாங்கினவருக்கு நிம்மதி, ரெண்டுலயும் விஷயம் ஒண்ணுதான்! யாருக்கு எழுதறீங்களோ அதுப்படி வைங்க.

‘எனவே’, ‘அதனால்’ ரெண்டும் காரணம் இதுதான்னு கையெழுத்து போட்டுக் குடுக்கற மாதிரி. மரவள்ளி வரத்து கூடி அதே வாரம் ஜவ்வரிசி விலை இறங்கினாலும், வரத்துதான் காரணமா, வடக்க கேக்கறவங்க கொறஞ்சதான்னு சேலம் லீ பஜார் மொத்த மார்க்கெட்ல விசாரிக்காம ‘அதனால்’ போடாதீங்க. காரணம் தெரியாதப்ப பேப்பர்க்காரங்க “விலை உயர்ந்துள்ள நிலையில்”னு நழுவுவாங்க, நானும் அப்படி எழுதினவன்தான், அது காரணம் மாதிரி காட்டும், கேட்டா இல்லைன்னும் சொல்லிக்கலாம். எனக்கு இப்ப அது பிடிக்கறதில்லை.

உங்க வரியை நான் எழுதினா: “வெள்ளி விலை ஏறியதால் கொலுசு ஆர்டர் குறைந்தது, வேலையும் இல்லை என்கிறார்கள் பட்டறைக்காரர்கள்.” நாலு பட்டறைல கேட்டுட்டுப் போடுங்க.