வெளியே சன்ஷேட் இருக்கிறது, உள்ளே ஜன்னல் இல்லை: வீடு பார்ப்பவர்கள் கேட்டதும் என் பதிலும்

சென்னையில் 23 வருடமாகக் கட்டடப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். அதில் பாதி நாள், பழைய வீடோ ஃபிளாட்டோ வாங்கப் போகிறவர்களோடு கூடப் போய்ப் பார்த்துச் சொல்வதிலேயே போயிருக்கிறது. "இந்த வீட்டில் ஏதோ ஒன்று விநோதமாக இருக்கு, வாங்கலாமா?" என்று வந்த கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். விநோதமாக ஒன்றைக் கட்டியவருக்கு அன்றைக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அது தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): அக்கா, 1990களில் கட்டிய ஃபிளாட், முதல் மாடி. ஒரு படுக்கையறையில் இருக்கும் டாய்லெட்டுக்கு மட்டும் இரண்டு படி ஏறிப் போக வேண்டியிருக்கிறது. உள்ளே நின்றால் தலை தட்டுகிற மாதிரி இருக்கிறது. ஏன் இப்படி?

பதில்: அந்த டாய்லெட் பிறகு வந்தது, தம்பி. முதலிலேயே டாய்லெட் என்று முடிவு செய்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் தளத்தை ஏறக்குறைய ஓர் அடி இறக்கிப் போட்டிருப்பார்கள். கழிவுக் குழாய் அந்தப் பள்ளத்தில் சரிவாக ஓடும், மேலே ஓடு பதித்தால் அறைத் தரையோடு சமமாக வந்துவிடும். உங்கள் ஃபிளாட்டில் பள்ளம் இல்லை. அதனால் குழாயைத் தளத்தின் மேலேயே போட்டு, செங்கல் துண்டும் மண்ணும் நிரப்பித் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டு படி வந்ததும் தலை தட்டுவதும் அதனால்தான்.

படியை விட முக்கியம், அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பது. முதலில் கட்டிய டாய்லெட்டுகள் எல்லா மாடியிலும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். இது கீழ்வீட்டுக்காரர் படுக்கையறைக்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம். கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அந்த அறையின் கூரையை ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். உரிமையாளரிடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். அந்த இடத்தில் துணி அறையோ பால்கனியோ போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (போரூர்): மேடம், ஹால் நடுவில் பெரிய தூண். சோபா எங்கே போட்டாலும் இடிக்கிறது. எடுக்க முடியுமா?

பதில்: முடியவே முடியாது. கீழே கார் நிறுத்துமிடத்தில் வண்டி திரும்ப வசதியாகத் தூண்களை நிறுத்துவார்கள். அதே தூண் மேலே போகும்போது சில வீட்டில் சுவருக்குள் மறையும், சில வீட்டில் ஹாலுக்கு வந்துவிடும். தூணைச் சுற்றிப் புத்தக அலமாரி செய்யலாம், சாப்பாட்டு மேசையை அதை ஒட்டிப் போடலாம். ஆனால் உளி படக்கூடாது. ஏசி குழாய்க்காக யாராவது பீமில் ஓட்டை போட்டிருக்கிறார்களா என்றும் அண்ணாந்து பாருங்கள். கம்பி தெரிந்தால் அந்த வீடு வேண்டாம்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): பகலிலேயே விளக்கு போட வேண்டியிருக்கிற வீடு. விலை நன்றாக இருக்கிறது. மாமியார் "வாஸ்து சரியாக இருக்கு, விடாதே" என்கிறார்.

பதில்: யாருடைய நம்பிக்கையையும் நான் மறுத்துப் பேசுவதில்லை. அக்னி மூலையில் அடுப்பு, நிருதி மூலையில் பெரியவர்கள் படுக்கை என்று அமைத்துக்கொண்டு வெளிச்சமாகவும் கட்ட முடியும், நிறையக் கட்டியிருக்கிறேன். சிக்கல், கட்டிய வீட்டைப் பிற்பாடு வாஸ்துவுக்காக மாற்றும்போது வருகிறது.

உங்கள் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்தேன். பின் அறைக்குள் போனால் பகல் பதினோரு மணிக்கு இருட்டு. சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. சந்து வழியாக வெளியே போய்ப் பார்த்தால், அதே சுவரில் சன்ஷேட் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே ஜன்னல் இல்லை, பூச்சுதான் இருக்கிறது. மழைக்காக வைத்த சன்ஷேட், ஜன்னல் இல்லாத சுவருக்கு எதற்கு? உள்ளே வந்து நாள்காட்டியை எடுத்துவிட்டுத் தட்டினேன். செவ்வகமாக ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மாறியது, ஓரத்தில் மயிரிழை விரிசலும் தெரிந்தது. இருபது வருடம் முன்பு யாரோ சொன்னார்கள் என்று ஜன்னலை அடைத்திருந்தார்கள். அந்த அறையில்தான் ஒரு பாட்டி படுத்திருந்தார். அது எனக்கு இன்றும் மனதில் நிற்கிறது.

உங்கள் வீட்டையும் வெளியே சுற்றி வந்து பாருங்கள். அடைத்த ஜன்னல் என்றால் நல்ல செய்தி: மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் கட்டை அப்படியே இருக்கும், திறந்துவிடலாம். ஆனால் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் இரண்டடியில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்பது நம் ஊர் மாதிரிப் புழுக்கமான இடத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 20 சதுர அடி, அதாவது ஐந்துக்கு நாலு ஜன்னல் ஒன்று. டேப் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி (வேளச்சேரி): தனி வீடு, தரைத்தளம். எல்லா பிளக் பாயிண்டும் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. டிவிக்குக்கூட மேலிருந்து ஒயர் தொங்குகிறது. ஒயரிங் செய்தவர் தவறா?

பதில்: தவறு இல்லை, அனுபவம். 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலோ அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும். வடிந்த பிறகு எல்லாவற்றையும் மேலே ஏற்றியிருக்கிறார்கள். வாசல் கேட்டில் நின்று பாருங்கள், தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் இறங்கிப் போகும் வீடுகள் உங்கள் பகுதியில் நிறைய. தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் (சம்ப்) மூடி தெருவை விடத் தாழ்வாக இருந்தால், வெள்ளத்தில் சாக்கடை நீர் குடிநீரில் கலக்கும். பக்கத்துக் கடைக்காரரிடம் "இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது" என்று கேளுங்கள். கையை வைத்து அளவு காட்டுவார். இது கதவு, ஜன்னல் மாதிரி மாற்றக்கூடியது இல்லை. மேல்மாடி இல்லாத வீடு என்றால் எனக்கு மனம் ஒப்பாது.

கேள்வி (திருவல்லிக்கேணி): வணக்கம் மேடம். ஒன்பதடி அகலம், எழுபதடி நீளம். ரயில் பெட்டி மாதிரி ஓர் அறைக்குள் புகுந்துதான் அடுத்த அறைக்குப் போகணும். நடுவில் பாதி முற்றம். ஒரு பக்கம் நெட்டுக்குச் சுவர். எனக்கு இந்த வீடு ரொம்பப் பிடித்திருக்கிறது. பைத்தியக்காரத்தனமா?

பதில்: இல்லவே இல்லை, எனக்கும் இந்த வீடுகள் மேல் தனிப் பிரியம் உண்டு. இது ஒரு காலத்தில் பதினெட்டடி வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல் உள், கொல்லை என்று வரிசையாகப் போயிருக்கும். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தெருவாசலும் வேண்டும், கொல்லைக் கிணறும் வேண்டும். குறுக்கே பிரித்தால் ஒருவருக்கு வாசல் கிடைக்காது. அதனால் நெட்டுக்குச் சுவர் எழுப்பினார்கள். முற்றமும் பாதியானது.

மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது அந்த நடுச்சுவர். பாகப்பத்திரத்தில் பொதுச்சுவர் என்று இருக்கிறதா, ஒருவருக்கு மட்டும் சொந்தமா? கூரை உத்தரம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பாதியை இடித்தால் உங்கள் கூடம் என்ன ஆகும் என்று பொறியாளரோடு போய்ப் பாருங்கள். இரண்டாவது, பத்திரத்தில் உள்ள அளவும் டேப்பில் வரும் அளவும். ஒன்பதடி வீட்டில் அரை அடி குறைந்தாலும் கட்டில் திரும்பாது. மூன்றாவது முற்றம். அந்த நடுச்சுவர் எவ்வளவு உயரம்? அவர் தன் பாதி முற்றத்தை மூடி மேலே மாடி எழுப்பினால் உங்கள் வெளிச்சம் பாதியாகும். இருபது வருடம் தடையில்லாமல் உரிமையாக அனுபவித்து வந்த வெளிச்சத்துக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது நீதிமன்றம் வரை போகும் சமாசாரம். வாங்குவதற்கு முன் அவரிடம் போய்ப் பேசிவிடுவது நல்லது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்காதீர்கள். ஒன்பதடியில் சுவர் கனமும் படிக்கட்டும் போக மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த வீட்டை அப்படியே வைத்துப் பழுது பார்த்து வாழ்வதானால், தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி (பெங்களூரிலிருந்து, சிறுசேரியில் தேடுபவர்): விளம்பரத்தில் 1,150 சதுர அடி. உள்ளே போனால் பதினாலடி நீளத்துக்கு ஒரு நடைபாதை, அப்புறம் சின்னச் சின்ன அறைகள். ஏமாற்றா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், மோசமான வரைபடம். 1,150 என்பது படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்காக இருக்கும். 2016 ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை) சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவைக் கேட்டு வாங்குங்கள். உள்தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. ஆனால் உங்கள் நடைபாதை சேரும். பதினாலுக்கு மூன்று, 42 சதுர அடி. சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்தால் 2,94,000 ரூபாய்க்கு நடந்து போக மட்டும் ஓர் இடம். பேரம் பேசும்போது இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): பால்கனியை மூடிச் சமையலறை ஆக்கிய வாடகை வீடு. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்.

பதில்: 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைதான் முன்வைப்புத் தொகை. அதைச் சொல்லிப் பேசுங்கள். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மழைநீர்க் குழாயில் விட்டிருந்தால் அடைத்துக்கொள்ளும், நாறும்.

கேள்வி (தாம்பரம்): உள்படிக்கட்டில் கடைசிப் படி மட்டும் குட்டையாக இருக்கிறது. அம்மா ஒருமுறை தடுமாறிவிட்டார்.

பதில்: பழைய மொசைக் தரையை உடைக்காமல் மேலேயே கிரானைட் பதித்திருக்கிறார்கள். தரை இரண்டு அங்குலம் ஏறியது, படிகள் ஏறவில்லை. கதவுகளின் அடியையும் பாருங்கள், அறுத்திருப்பார்கள். படி உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மிதி 25க்குக் குறையக்கூடாது. அதைவிட எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். கால் கண்ணை நம்பி இறங்குவதில்லை, முந்தைய படியை நம்பி இறங்குகிறது. எல்லாப் படிக்கும் கல் பதித்துச் சமன் செய்யலாம். அதுவரை கடைசிப் படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள், கைப்பிடியைத் தரை வரை நீட்டுங்கள்.

மீண்டும் குரோம்பேட்டை: அக்கா, கீழ்வீட்டுக்குப் போய் வந்தேன். நீங்கள் சொன்னது போலப் படுக்கையறைதான். அந்த அம்மா பரண் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார், இரண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்து ஊற்றுகிறாராம். வரைபடத்தில் அந்த இடம் துணி அறை. மற்றபடி வீடு நன்றாக இருக்கிறது, பொது டாய்லெட் ஒன்று தனியாக இருக்கிறது.

பதில்: அப்படியென்றால் வழி இருக்கிறது. அந்த டாய்லெட்டைச் சரிசெய்ய முயலாதீர்கள்; எடுத்துவிடுங்கள். நிரப்பிய மண்ணையெல்லாம் அள்ளி, குழாயை அடைத்து, தளத்தைக் காயவிட்டு நீர்த்தடுப்பு செய்து, திரும்பத் துணி அறையாக்கிவிடலாம். தளத்தின் மேல் இருக்கும் பாரமும் குறையும். காய்வதற்கு அவசரப்படாமல் இரண்டு மாதமாவது விடுங்கள். கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று கீழ்வீட்டுக் கூரையில் பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவு, கீழ்வீட்டுக் கூரைப் பூச்சுச் செலவு இரண்டையும் கொத்தனாரிடம் எழுதி வாங்கி, விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் போட்ட மறுநாளே அந்தக் குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, கீழ்வீட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.