டவர் ஃபுல்லாகக் காட்டுகிறது, பேச்சு மட்டும் கட் ஆகிறது: வாசகர் கேள்விகள்

எங்கள் சாலையில் விளக்குக் கம்பத்தில் சின்ன ஆன்டெனா வைத்தபிறகு டவர் ஃபுல்லாகக் காட்டுகிறது. ஆனால் பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டும்போது பேச்சு அறுந்துபோகிறது. ஏன்?

ஆய்வுகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்குப்படி பெரிய டவர் 40 வாட், சின்ன செல் (கம்பத்தில் உள்ளதுபோன்ற ஆன்டெனாவும் அது சிக்னல் தரும் பகுதியும்) 1 வாட். ஆகவே சின்ன செல்லின் எல்லை சில பத்து மீட்டர்களில் முடிந்துவிடும். அந்த எல்லையில் சிக்னல் மெதுவாகத் தேயாது, சட்டென்று சரியும்.

பக்கத்து செல் வலுவாகிவிட்டது என்று தெரிந்தவுடன் போன் தாவிவிடாது. அந்த வலு குறிப்பிட்ட நேரம் நீடிக்கிறதா என்று பார்த்துத்தான் நெட்வொர்க்குக்குத் தகவல் அனுப்பும். இந்தக் காத்திருப்பு 480 மில்லிசெகண்ட் என்றால், 60 கி.மீ. வேகத்தில் போகும் பஸ் அதற்குள் 8 மீட்டர் நகர்ந்துவிடும். பெரிய செல்லில் 8 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. கம்பத்து செல்லின் குறுகிய எல்லைப்பகுதியில் அது பெரிய தூரம்.

சிக்கலின் உயிர்நாடி இன்னொன்று. ‘அந்த செல்லுக்குப் போ’ என்ற கட்டளை, தேய்ந்துகொண்டிருக்கும் பழைய செல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் பெரிய டவரின் இரைச்சல் அந்தக் கட்டளையை அமுக்கிவிடும். அதனால்தான் சின்ன செல்லுக்குள் நுழைவதைவிட அதைவிட்டு வெளியேறுவது ஆபத்து. மொபைல் நெட்வொர்க் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, அதன் ரிலீஸ் 11-இல் (தரநிலையின் 11-ஆம் பதிப்பில்) செய்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது.

அப்படியானால் காத்திருப்பைக் குறைத்துவிட வேண்டியதுதானே?

குறைக்கலாம். அப்புறம் பிங்-பாங் தொடங்கும்: போன் அங்கே போய், ஒரு விநாடிகூடத் தங்காமல் திரும்பி ஓடிவரும். என் கட்சி, எல்லோருக்கும் ஒரே டைமர் (காத்திருப்பு நேரம்) வைக்கக் கூடாது என்பது. நுழைய நிதானம், வெளியேற அவசரம். வேகமாகப் போகிறவர்களைப் பெரிய டவரிலேயே விட்டுவிடலாம்.

வேகத்தை எப்படி அறிவது? எல்டிஇ-யில் (4ஜி) போன், எத்தனை செல் மாறினோம் என்று எண்ணி ஊகிக்கிறது. சின்ன செல்கள் நெருக்கமாக உள்ள கடைத்தெருவில் நடந்து போகிறவரும் ரயிலில் போகிறவர் மாதிரி தெரிவார்!

போன் செட்டிங்கில் நான் ஏதாவது மாற்றலாமா?

இதற்கு என்று ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் வைஃபை காலிங் உதவும். பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினால் அதுவும் ஒரு ஹேண்டோவர்தான் (பேச்சு ஓர் இணைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது).

பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். 5ஜி-யில் இது தீர்ந்துவிட்டதா? புராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா?

பெருமளவு குறைகிறது. ரிலீஸ் 16-இல் வந்த நிபந்தனை ஹேண்டோவரில், சிக்னல் நன்றாக இருக்கும்போதே கட்டளையைக் கொடுத்துவிடுகிறார்கள். நிபந்தனை நிறைவேறியதும் போன் தானே தாவும். ஆனால் போன் போய்ச் சேரக்கூடிய ஒவ்வொரு செல்லிலும் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்க வேண்டும். அந்தச் செலவை அளப்பதே நல்ல புராஜெக்ட். ஹேண்டோவர் தோல்வி சதவீதத்தை மட்டும் கிராஃப் போட்டுக் காட்டாதீர்கள். டைமரைச் சுருக்கி யார் வேண்டுமானாலும் அதை இறக்கிவிடலாம். பக்கத்திலேயே பிங்-பாங் கிராஃபையும் வையுங்கள்.