தெருப்பலகையில் மட்டும் மிஞ்சிய பெயர்: பியேர் புரோசோலெத்

இரண்டாம் உலகப்போரில் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு அரசியல்வாதிகளில், லண்டனிலிருந்து சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தை நடத்திய தெ கோல், உள்நாட்டு எதிர்ப்பு இயக்கங்களை ஒருங்கிணைத்த ஜான் மூலான் தவிர நாம் அறிந்துகொள்ள வேண்டியவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பியேர் புரோசோலெத்.

நான் பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். இந்தப் பெயர் எனக்கு முதலில் ஒரு தெருப்பலகையாகத்தான் அறிமுகம். பக்கத்து ஊரிலும் அதே பெயரில் ஒரு தெரு. உடன் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரரிடம் கேட்டேன். ‘போரில் இறந்தவர்’ என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1903இல் பாரிஸில் பிறந்தவர். வரலாற்று ஆசிரியர்களுக்கான தேசியப் போட்டித் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் ஜோர்ஜ் பிதோ. அந்தப் பெயர் பின்னால் மீண்டும் வரும். சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்து பத்திரிகைகளில் எழுதினார், அரசு வானொலியில் வெளிநாட்டு அரசியல் பேசினார். இளமையில் சமாதானவாதி. ஆனால் 1938இல் பிரிட்டனும் பிரான்ஸும் ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் செய்துகொண்டு, போர் தவிர்ந்தது என்று பலரும் நிம்மதியடைந்தபோது அதைக் கண்டித்தார். 1939 தொடக்கத்தில் வானொலி வேலை போயிற்று.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. பேனாவால் பிழைத்தவருக்கு எழுத இடமில்லை. மனைவி ஜில்பெர்த்துடன் சேர்ந்து பாரிஸின் போம்ப் தெருவில், ஒரு பெரிய பள்ளிக்கு அருகே புத்தகக் கடை நடத்தினார். மாணவர்கள் வந்துபோகும் கடையில் யார் நுழைந்தாலும் சந்தேகம் வராது. எதிர்ப்பு இயக்கத்தினர் புத்தகம் வாங்க வருபவர்போல வந்து தகவலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தே, பிள்ளைகள் இருந்த அந்தக் குடும்பம் இதைச் செய்தது. எனக்கு இந்த வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் கடைதான்.

1942 ஏப்ரலில் லண்டன் சென்று தெ கோலைச் சந்தித்தார். அவரைத் தலைவராக மனமார ஏற்றவர்தான். ஆனாலும் அதே ஆண்டு நவம்பரில், மாற்றுக் கருத்தை உங்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை என்று அவருக்கே கடிதம் எழுதினார். அப்படி எழுதும் துணிச்சல் எத்தனை தொண்டர்களுக்கு உண்டு?

அதற்கு முன், அதே ஆண்டு செப்டம்பரில் பிபிசியில் பேசினார். தலைமறைவாகப் போராடிப் பெயர் தெரியாமல் சாகிறவர்களை, கப்பலின் அடித்தளத்து இருட்டில் நிலக்கரி சுமக்கும் தொழிலாளர்களுக்கு ஒப்பிட்டார். மேல்தளத்தில் நிற்பவர்கள் கண்ணில் அவர்கள் படுவதில்லை, ஆனால் கப்பல் ஓடுவது அவர்களால். அவர்களுக்கு வணக்கம் செலுத்துங்கள் என்று பிரெஞ்சு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

ஜான் மூலானோடு அவருக்குக் கடுமையான மோதல் இருந்தது. எதிர்ப்பு இயக்கங்களோடு பழைய கட்சிகளையும் சேர்த்து ஒரே மன்றம் அமைக்க மூலான் முயன்றார். 1940இல் நாட்டைக் கைவிட்ட கட்சிகளுக்கு ஏன் மறுவாழ்வு என்பது கட்சிக்காரரான புரோசோலெத்தின் கேள்வி. இதில் மூலான் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம். தெ கோலின் பின்னால் பிரான்ஸ் முழுவதும் நிற்கிறது என்று நேசநாடுகளுக்குக் காட்ட அப்படியொரு மன்றம் தேவைப்பட்டது. 1943 மே 27 அன்று அது கூடியது. அடுத்த மாதமே மூலான் பிடிபட, மன்றத்தின் தலைமைக்கு வந்தவர் அந்தப் பழைய பிதோ.

ரகசியமாகப் பிரான்ஸ் வந்திருந்த புரோசோலெத், 1944 பிப்ரவரியில் மேற்குப் பிரான்ஸின் பிரித்தானி கடற்கரையிலிருந்து படகில் லண்டன் திரும்ப முயன்றார். படகு சேதமடைந்து கரை ஒதுங்கியது, அவர் சோதனையில் சிக்கினார். ஜெர்மானியர்களுக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. ரென் நகரச் சிறையில் ஆறு வாரங்கள் இருந்தார். அவருக்கு முன்தலையில் ஒரு வெள்ளை முடிக்கற்றை உண்டு, பார்த்தவர் மறக்காத அடையாளம். சாயம் பூசித்தான் அதை மறைத்திருந்தார். சிறையில் சாயத்துக்கு எங்கே போவது? முடி வளர வளர வேரில் வெள்ளை தெரிந்துகொண்டே வந்திருக்கும். அவரை மீட்கத் திட்டமிட்ட நண்பர், பிரிட்டிஷ் அதிகாரி யோ-தாமஸ், மார்ச் 21 அன்று பாரிஸில் பிடிபட்டார்.

அதற்குள் புரோசோலெத் யாரென்பது தெரிந்து, நாஜி உளவுப் பிரிவு இயங்கிய, பாரிஸின் ஃபோஷ் அவென்யூ 84ஆம் எண் கட்டடத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார். சித்திரவதை நடந்தது. இயக்கத்தின் ஆட்களும் பெயர்களும் அவர் தலைக்குள் இருந்தன. மார்ச் 22 அன்று, காவல் இல்லாத நேரத்தில் மேல்மாடி ஜன்னல் வழியே குதித்தார். அன்றிரவு மருத்துவமனையில் இறந்தார், யாரையும் காட்டிக்கொடுக்காமல். வயது 40.

போருக்குப் பின் ஜில்பெர்த் செனட் உறுப்பினரானார். அந்த அவையின் துணைத் தலைவர் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 1964இல் மூலான், பிரான்ஸ் தன் பெரியோர்களை அடக்கம் செய்யும் பாரிஸ் நினைவிடமான பாந்தியோனில் வைக்கப்பட்ட பிறகு, எதிர்ப்பு இயக்கம் என்றாலே அவர் முகம் என்றாகிவிட்டது. புரோசோலெத்தின் சாம்பல் பேர் லாஷேஸ் கல்லறையிலேயே இருந்தது. 2015 மே 27 அன்று, அவர் எதிர்த்த அந்த மன்றம் கூடிய அதே தேதியில், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த ஜெர்மேன் தில்லியோன் உள்ளிட்ட மூவரோடு அவரும் பாந்தியோனுக்குள் சென்றார். ஜில்பெர்த் அதைப் பார்க்கவில்லை. 2004இலேயே இறந்துவிட்டார்.