என்100 போதுமா, ஐ3-1215யு வேண்டுமா?

வணக்கம். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் வரை தினமும் மெட்ரோவில் செல்வதாகவும், சார்ஜரைச் சுமக்காமல் மடிக்கணினியில் எக்செல், பிரவுசர் வேலைகளைப் பார்க்க இன்டெல் என்100 பிராசஸர் போதுமா, கோர் ஐ3-1215யு வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

என்100-க்கு 6 வாட், ஐ3-க்கு 15 வாட் என்ற எண்களைப் பார்த்து, முதலாவது இரண்டரை மடங்கு நேரம் உழைக்கும் என்று தயவுசெய்து முடிவு செய்துவிடாதீர்கள். அவை தொடர்ந்த சுமைக்கான அளவுகள்; ஐ3 சிறிது நேரத்துக்கு 55 வாட் வரைகூட ஏறக்கூடியது. ஆனால், எக்செல் கட்டம் ஒன்றில் எண்ணைத் தட்டிவிட்டு அடுத்ததை நீங்கள் யோசிக்கும் இடைவெளியில் இரண்டு பிராசஸர்களும் ஏறக்குறைய உறங்குகின்றன; அப்போது பேட்டரியைப் பெரிதும் கரைப்பது திரைதான். 42 வாட்-மணி (பேட்டரி கொள்ளளவின் அலகு) பேட்டரியிலிருந்து மடிக்கணினி மொத்தமாக 6 வாட் இழுத்தால் 7 மணி நேரம் வரும். 8 வாட் இழுத்தால் ஐந்தேகால் மணி நேரம்தான்.

வேகத்தில் வேறுபாடு நிஜமானது. என்100-இல் நான்கு சிறிய கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) ஒற்றைச் சேனல் நினைவகமும் (ஒரே தரவுப் பாதை கொண்டது) மட்டுமே உள்ளன. ஐ3-இல் இரண்டு பெரிய கோர்களும் நான்கு சிறிய கோர்களும் உள்ளன. கனமான சூத்திரங்கள் நிறைந்த கோப்பை அது விரைவில் முடித்துவிட்டு மீண்டும் உறங்கப் போய்விடும் என்பதால், உங்கள் வேலைக்கு ஐ3-ஐயே பரிந்துரைக்கிறேன். எஸ்.பி. ரோடு கடைகளில் விசாரிக்கும்போது பிராசஸர் பெயரோடு நிற்காமல், பேட்டரி எத்தனை வாட்-மணி என்பதையும் கேளுங்கள்; 50-க்குக் குறைந்தால் வேறு மாடலைப் பாருங்கள்.