படக்கதையும் அறிவியல் பாடமும்: ஆசிரியர்கள், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

(தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் கொண்டு அறிவியல் சொல்லித்தருவது பற்றி வந்த கேள்விகள் இவை. பதில் எழுதுபவர் அரசு தொடக்கப் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை.)

டீச்சர், பாடப்புத்தகத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. இதில் கதைப்புத்தகம் வேறா?
– மூன்றாம் வகுப்பு ஆசிரியர், விருத்தாசலம்

நேரம் போதாது என்பது உண்மைதான் சார். ஆனால் "பொருள்கள் இடத்தை அடைத்துக்கொள்ளும்" என்று முதல் வரியிலேயே விடையைச் சொல்லிவிட்டால், பிள்ளை அதை எழுதிக்கொள்வான், ஒப்பிப்பான், மறந்துவிடுவான். அவனுக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது. பத்து நிமிடக் கதை அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். அதன்பிறகு பாடம் வேகமாக நகரும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். கதையைப் படித்துக் காட்டிவிட்டு, "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு முடித்தால் அது மொழிப்பாடம். அறிவியல் பாடம் ஆக வேண்டுமானால், புத்தகத்தை மூடியதும் பிள்ளை கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: கல், இலை, தண்ணீர், எறும்பு, எதுவானாலும் சரி.

எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்?
– பயிற்சி ஆசிரியை, தேனி

தாகமுள்ள காகம். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை என்பதாலேயே அதைப் பரிந்துரைக்கிறேன். கற்களைப் போட்டதும் தண்ணீர் மேலே வந்தது, காகம் குடித்தது என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பார்கள். "உண்மையாகவே வருமா?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி டம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கால் பங்கு, ஒன்றில் அரை, ஒன்றில் முக்கால் பங்கு தண்ணீர். நீர்மட்டம் இருக்கும் இடத்தில் ரப்பர் பேண்டு போட்டு அடையாளம் வையுங்கள். ஏறக்குறைய ஒரே பருமனுள்ள கூழாங்கற்கள் ஒரு வாளி. விளிம்பு வரை தண்ணீர் வர எத்தனை கல் வேண்டும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். இந்த ஊகத்தை எழுதும் வேலையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எழுதியவன்தான் கல்லைக் கவனமாக எண்ணுவான்.

முக்கால் டம்ளரில் சில கற்களிலேயே தண்ணீர் விளிம்பைத் தொடும். அரை டம்ளரிலும் வந்துவிடும். கால் டம்ளரில்தான் வகுப்பு அமைதியாகும். தண்ணீர் பாதிக்குச் சற்று மேலே ஏறி நின்றுவிடும். அதற்குமேல் போடும் கற்கள் காய்ந்தபடியே விளிம்பு வரை அடுக்கிக்கொண்டு போகும். காகம் தாகத்தோடு பறந்துபோக வேண்டியதுதான்!

கற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் தண்ணீர் இறங்கிக்கொள்கிறது. டம்ளரை எவ்வளவு கல் போட்டு நிரப்பினாலும், மொத்த இடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இடைவெளியாகவே இருக்கும். அந்த இடைவெளி முழுவதையும் நிரப்பக் கால் டம்ளர் தண்ணீர் போதாது. இதை நீங்கள் சொல்லாதீர்கள். "தண்ணீர் எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரிய கல்லோடு பொடிக்கல்லையும் கலந்து போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். போட்டால் இன்னும் கொஞ்சம் ஏறும். அந்த இடத்தில் நீங்கள் பாடப்புத்தகத்தைத் திறக்கலாம்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 2009இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரூக் என்ற காக்கை இனப் பறவைகளுக்கு இதே சோதனையை வைத்தார்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர்மேல் ஒரு புழு மிதந்தது. பறவைகள் கற்களைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்தன. போதாததற்குப் பெரிய கற்களாகப் பார்த்து எடுத்தன.

என் மகளுக்கு எரிக் கார்லின் பசித்த புழு கதை மிகவும் பிடிக்கும். புழு நிஜமாகவே கேக், ஐஸ்கிரீம் எல்லாம் தின்னுமா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
– ஒரு தாய், கோவை

1969இல் வந்த அந்தப் புத்தகத்தில் புழு திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று தொடங்கி, சனிக்கிழமை கண்டதையெல்லாம் தின்று வயிற்றுவலியில் படுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சை இலையைத் தின்றதும் சரியாகிவிடுகிறது. அந்தப் பச்சை இலைதான் உண்மை. மகளிடம் விடை சொல்லாமல், தொட்டியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் அங்கே அழைத்துப் போங்கள்.

இளந்தளிரில் குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் முட்டை தனித்தனியாக இருக்கும். அதிலிருந்து வரும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, முதலில் பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். பறவை அதைத் தின்னாமல் விட்டுவிட அந்த வேடம் உதவுகிறது. வளர்ந்தபின் இலையின் பச்சைக்கு மாறிவிடும். மெல்லிய குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஒரு கொம்பு வெளியே நீளும், கூடவே ஒரு நெடி அடிக்கும். என் மாணவர்கள் இந்தக் கொம்பைப் பார்ப்பதற்காகவே மறுநாள் சீக்கிரம் வருவார்கள்.

வாய் அகன்ற பாட்டிலில் புழு இருக்கும் கிளையோடு வைத்து, மெல்லிய துணியால் மூடுங்கள். நாள்தோறும் அதே செடியின் புதிய இலையைக் கொடுங்கள். முருங்கை இலையோ ஆப்பிள் துண்டோ வைத்தால் தொடாது, அதையும் அவளே வைத்துப் பார்க்கட்டும். மகளின் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

கதையில் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகள் பல அப்படித்தான் நூலால் கூடு பின்னும். உங்கள் பாட்டிலில் இருக்கும் புழு வேறு மாதிரி செய்யும்: இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக் குச்சியில் சாய்ந்துகொண்டு கடைசித் தோலை உரிக்கும். உள்ளேயிருந்து கூட்டுப்புழு வெளிப்படும். ஒரு வாரம், பத்து நாளில் பூச்சி வரும். சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவி வரும். புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு வளரும் குளவி அது. குழந்தை வருந்துவாள் என்று மறைக்காதீர்கள், அதுவும் இயற்கைதான்.

முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியை மட்டும் தொட விடாதீர்கள். அதன் ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும்.

விலங்குகள் பேசுவதாக வரும் கதை அறிவியலுக்கு ஆகுமா? தவறான எண்ணம் வந்துவிடாதா?
– தலைமையாசிரியர், யாழ்ப்பாணம்

நரி பேசாது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், ஐயா. எனக்குக் கவலை வேறு இடத்தில். லியோ லியோனி 1970இல் எழுதிய "ஃபிஷ் இஸ் ஃபிஷ்" கதையில், தவளை கரைக்குப் போய்வந்து தன் நண்பனான மீனிடம் பறவை, பசு, மனிதர் பற்றிச் சொல்கிறது. மீனின் மனத்தில் பறவை என்றால் சிறகு முளைத்த மீன். பசு என்றால் மடி வைத்த மீன். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் கற்றல் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற நூலிலும் இந்தக் கதை எடுத்துக்காட்டாக வருகிறது. நாம் "பூமி உருண்டை" என்று சொல்ல, பிள்ளை தோசை போல ஒரு வட்டத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டலாம். ஆகவே பாடத்துக்கு முன்னும் பின்னும் படம் வரையச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கு எது புரிந்தது என்று தெரிந்துவிடும். எந்தத் தேர்வுத்தாளும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

படங்களில் தவறு இருந்தால் அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவிடலாமா?
– நூலகர், திருநெல்வேலி

வேண்டாம். தவறைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். எறும்புக்கு உடல் முழுக்கக் கால் வரைந்திருக்கும். ஆறு கால்களும் நடுப்பகுதியிலிருந்துதான் புறப்படும் என்பதை லென்ஸ் காட்டிவிடும். பென்குவினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நிற்கும். வட துருவப் பகுதியையும் தென் துருவப் பகுதியையும் உலக உருண்டையில் தேடட்டும்.

நிலாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே ஒரு விண்மீன் வரைந்திருப்பார்கள். அங்கே இருப்பது நிலாவின் இருண்ட பகுதி, அதன் வழியாக விண்மீன் தெரியவே முடியாது. இன்னொன்று, வெளிநாட்டுப் புத்தகங்களில் பிறை செங்குத்தாக நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் நமக்கு மாலையில் தெரியும் மூன்றாம் பிறை பெரும்பாலும் படகு போலச் சாய்ந்து கிடக்கும், மாசி, பங்குனியில் நன்றாகவே தெரியும். அந்தப் படம் வரைந்தவர் ஊருக்குப் பொருந்தும், நம் ஊருக்குப் பொருந்தாது. பகலில் நிலா வராது என்று நம்பும் பிள்ளைகளைத் தேய்பிறை அஷ்டமியை ஒட்டிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது மேற்கே பார்க்கச் சொல்லுங்கள்.

நல்ல புத்தகங்களுக்குப் பணம் வேண்டாமா?
– இல்லத்தரசி, கரூர்

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. சென்னை தூலிகா பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களில் நம் ஊர் மரமும் தெருவும் இருக்கும். சோதனைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ். பள்ளி நூலகத்தில் பூட்டிய அலமாரி இருந்தால் முதலில் அதன் சாவியைக் கேளுங்கள்.

நாற்பது பிள்ளைகள், ஒரே புத்தகம். படம் பின்வரிசைக்குத் தெரிவதில்லை.
– ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, அரியலூர்

பெஞ்சை ஓரம் தள்ளி எல்லோரையும் தரையில் அரைவட்டமாக உட்கார வையுங்கள். குட்டைப் பிள்ளைகள் முன்னால். புத்தகத்தைத் தோள் உயரத்தில், பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். முதல்முறை நடுவில் நிறுத்தாமல் படியுங்கள், கதையை அவர்கள் கதையாகவே ரசிக்கட்டும். கேள்வியெல்லாம் மறுநாள் இரண்டாம் வாசிப்பில். அதன்பின் ஐந்து ஐந்து பேராகப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள், மற்றவர்கள் அந்த நேரத்தில் கல்லையும் இலையையும் பார்க்கட்டும். பக்கம் கிழியும் என்று பயப்படாதீர்கள், செல்லோடேப் இருக்கிறது.