சேதி முதல் வரியில் இருக்கட்டும்

தம்பி, வந்து ஐந்து மாதம் ஆகிறது, மக்கள் தொடர்பு வேலையில் எழுதிக் கொடுப்பதெல்லாம் சிவப்புக் கோட்டோடு திரும்பி வருகிறது, இன்னொரு ஆங்கில வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இலக்கணப் பிழை என்றால் இங்கொரு சொல், அங்கொரு சொல் என்றுதான் கோடு விழும். பத்தி பத்தியாக அடிக்கிறார்கள் என்றால், குறை நீங்கள் அடுக்கியிருக்கும் வரிசையில் இருக்கிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் செய்தி அறிக்கையை, அதாவது நிறுவனம் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் அறிவிப்பை, ‘பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்’ என்று ஆரம்பித்து, நிறுவனத்தின் வரலாறு, தலைவரின் தொலைநோக்கு என்று இரண்டு பத்தி எழுதியிருந்தேன். மேலாளர் பேனாவை எடுத்து இரண்டையும் குறுக்கே அடித்தார். மூன்றாம் பத்தியில் கிடந்த தேதி, இடம், எத்தனை பேருக்கு வேலை என்ற எண் ஆகிய மூன்றையும் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு உச்சிக்குக் கொண்டுபோனார். ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னுரை சொல்லி, மரியாதை செய்து, அப்புறம் விஷயத்துக்கு வரப் பழகிய கை நம்முடையது. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். கடைசி இரண்டு பத்தி போனாலும் சேதி முழுசாக நிற்க வேண்டும். தலைகீழ் பிரமிடு என்று சொல்வது இதைத்தான்.

1906-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி ரயில் விபத்தின்போது, ரயில்வே நிறுவனத்துக்காக மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடியான ஐவி லீ எழுதிக் கொடுத்ததைத்தான் முதல் செய்தி அறிக்கை என்று பலரும் சொல்வார்கள். விபத்து என்றால் மூடி மறைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், நடந்ததை நிருபர்களிடம் அவரே முந்திக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே வெளியிட்டது. நம் தொழிலின் வேர் அங்கே இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மேற்கோள் விஷயம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. தலைவர் சொன்னதாக வரும் வரிகளைப் பெரும்பாலும் நாம்தான் எழுதி அவரிடம் ஒப்புதல் வாங்குகிறோம். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு மனிதர் பேசுவதுபோல் இல்லாவிட்டால் நிருபர் தொடமாட்டார். எண்களை அதில் திணிக்காதீர்கள், அவருடைய கருத்து மட்டும் வரட்டும்.

வகுப்புக்குப் போகும் நேரத்தில் இதைச் செய்யுங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் அறிக்கையையும், அதை வைத்து வந்த செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிருபர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று கோடு போடுங்கள். ஆறு மாதம் தினம் ஒன்றாகச் செய்தேன். எனக்குக் கை திரும்பியது அதில்தான். உங்கள் அலுவலகம் எந்த நடைக் கையேட்டை, அதாவது எதை எப்படி எழுத வேண்டும் என்ற விதிப் புத்தகத்தை, பின்பற்றுகிறது என்றும் கேட்டு வாங்குங்கள்.

சரி, வெளியாகிவிட்ட அறிக்கை ஏதாவது இருந்தால், உங்கள் முதல் வரைவையும் கடைசியில் வெளிவந்ததையும் எனக்கு அனுப்புங்கள். கோடு விழுந்த இடங்களைச் சேர்ந்தே பார்ப்போம்.